உறவு: அண்ணன்

சபையில் அவனை ரேடியோ என்றுதான் கூப்பிடுவார்கள். பெயிண்ட் அடிப்பது தொழில், ஓயாமல் பேசுவது பழக்கம். ஏணி மேல் நின்றுகொண்டு கீழே போகிற பூனையிடம்கூட நலம் விசாரிப்பான். சொந்தம் என்று யாரும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் யார் சாப்பிடக் கூப்பிடுகிறார்களோ, அன்றைக்கு அதுதான் அவன் வீடு. ஜெபத்தின் முடிவில் எல்லோரும் ஆமென் சொல்லி ஓய்ந்த பிறகு அவனுடைய ஆமென் ஒரு மூச்சு பிந்தித் தனியாக வரும். பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும்.

அவனைச் சபையிலிருந்து நிறுத்தி ஏழு மாதம் ஆகியிருந்தது. ஏன் நிறுத்தினார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். உண்மையில் நடந்தது, அவனைத் தவிர, அதே சபையைச் சேர்ந்த பிளம்பர் ஒருவருக்குத்தான் தெரியும்.

புதன்கிழமை ஜெபக் கூட்டத்துக்கு ஏழெட்டுப் பேர்தான் வருவார்கள்; பிளம்பரும் ரேடியோவும் அதில் உண்டு. அங்கேதான் தையல்கார அக்கா ஒருநாள் உடைந்து அழுதார். வெளியூரில் வேலை என்று சொல்லிவந்த மகன் சிறையில் இருக்கிறான். "இந்த விஷயம் இந்த நாலு சுவத்துக்குள்ளயே இருக்கட்டும். மகளுக்கு இப்பதான் சம்பந்தம் கூடி வந்திருக்கு" என்று கும்பிட்டுக் கேட்டுக்கொண்டார். எல்லோரும் அவர் கையைப் பிடித்து ஜெபித்தார்கள்.

மறுவாரம் பிளம்பர் ஒரு வீட்டுச் சமையலறையில் தொட்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு குழாய் மாற்றிக்கொண்டிருந்தார். வீட்டுக்காரம்மா பேச்சுக் கொடுத்தார். பேச்சு எங்கெங்கோ போய்ச் சபைக்கு வந்து, அக்காவுக்கும் வந்தது. "பாவம், பையன் உள்ள இருக்கான்" என்று பிளம்பர் சொல்லிவிட்டார். இரக்கப்பட்டுத்தான் சொன்னார். அந்த அம்மா மாப்பிள்ளைக்கு அத்தை முறை என்பது அவருக்குத் தெரியாது. எழுந்து கை துடைத்தபோதுதான், பக்கத்து அறையில் சுவரைத் தேய்த்துக்கொண்டிருந்த ரேடியோ அவரையே பார்ப்பதைக் கண்டார். அவன் மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பினான்.

பத்தே நாளில் சம்பந்தம் முறிந்தது. யார் சொன்னது என்று சபையில் விசாரணை வந்தது. அந்த வீட்டில் ரேடியோ வேலை பார்த்தது தெரிந்ததும், அதற்கு மேல் யாரும் எதையும் கேட்கவில்லை.

"நீதானடா சொன்ன?" என்றார் மூப்பர்.

ரேடியோ எழுந்து நின்றான். "நான் இல்லன்னு சொன்னா, அப்ப யாருன்னு கேப்பீங்க. வேணாம். நான் போறேன்."

ஓட்டை வாயன் சுற்றி வளைக்கிறான், இனி சபைக்கு வரக் கூடாது என்றார்கள். பிளம்பர் குனிந்து தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது சொல்லிவிடலாம், இப்போது சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

ஆறு மாதம் ஒன்றுமில்லை. அதன்பின் ஒரு ஞாயிறு, போதகர் ஜெபித்து முடித்து, எல்லோரும் ஆமென் சொல்லி ஓய்ந்த அமைதியில், கடைசிப் பெஞ்சிலிருந்து ஓர் ஆமென் வந்தது. ஒரு மூச்சு பிந்தி.

பிளம்பர் திரும்பிப் பார்த்தார். பெஞ்ச் காலி.

பிரமை என்று தேற்றிக்கொண்டார். அடுத்த ஞாயிறும் கேட்டது. மூன்றாவது ஞாயிறு அவர் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு மற்றவர்களைக் கவனித்தார். ஆமென் சொன்னபின் ஒருவரும் அசையவில்லை. போதகர் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டாமல் நின்றார். மூப்பர் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தார். அந்தத் தனி ஆமென் வந்து போன பிறகுதான் எல்லோரும் மூச்சு விட்டார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வெளியே போனார்கள்.

அந்த வாரம் செவ்வாய்க்கிழமை காலை பிளம்பருக்கு ஆஸ்பத்திரியிலிருந்து ஃபோன் வந்தது. "உங்க தம்பி தவறிட்டாருங்க. வந்து பாத்துக்குங்க."

"எனக்குத் தம்பி கிடையாதும்மா" என்று சொல்ல வாயெடுத்தவர், சொல்லாமல் கிளம்பினார்.

வார்டில் கிடத்தியிருந்தது ரேடியோவை. நர்ஸ் ஒரு ஃபார்மை நீட்டினார். பிளம்பரின் நம்பர் இருந்தது. உறவு என்ற இடத்தில், சுவரில் அளவு குறிக்கிற மாதிரிப் பெரிய எழுத்தில், அண்ணன் என்று எழுதியிருந்தது.

"முன்னாடியே கூப்பிட்டிருக்கலாமேம்மா."

"நாங்க கூப்பிடறோம்னுதான் சொன்னோம். வேணாம்னு எழுதிக் காட்டினாரு. செத்தா மட்டும் சொல்லுங்கன்னு."

"எழுதி எதுக்குக் காட்டணும்? அவன் பேசாம இருக்கிற ஆளே இல்லையே."

"தொண்டையில டியூப் போட்டிருந்துச்சுங்க. வந்ததுலேருந்து மூணு வாரமா ஒரு வார்த்தை பேச முடியல."

பிளம்பர் ஞாயிற்றுக்கிழமைகளை விரல் விட்டு எண்ணினார். மூன்று. பிறகு, அண்ணன் என்றிருந்த இடத்துக்குக் கீழே கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் காலை பெட்டியைச் சபைக்குக் கொண்டுவந்தார்கள். பிளம்பர் அண்ணன் என்று கையெழுத்துப் போட்டு வாங்கி வந்தது எல்லோர் காதுக்கும் போயிருந்தது. வேலை நாள் என்பதால் பத்துப் பேர் இருந்தால் அதிகம். தையல்கார அக்காவும் வந்து சுவரோரம் நின்றார். போதகர் ஆரம்பிக்கும் முன் பிளம்பர் பெட்டி அருகில் போய் நின்றார்.

"அக்கா விஷயத்த வெளிய சொன்னது நான். இவன் இல்ல. இவனுக்குத் தெரியும். என்னைக் காட்டிக் கொடுக்கல."

மூப்பர் தலையில் கை வைத்தார். யாரோ விசும்பினார்கள். அக்கா நின்ற இடத்திலிருந்து நகரவில்லை.

"ஏழு மாசம்" என்றார் அக்கா. "எதிர்ல வந்தா சிரிக்கப் பாப்பான். நான் ரோட்டுக்கு அந்தப் பக்கம் போயிடுவேன்."

"மன்னிச்சிடுங்கக்கா."

"அதை இப்பக் கேக்காதீங்க. வாயில வராது."

பெட்டியைத் தூக்க ஆறு பேர் வேண்டும். ஐந்து பேர் முன்வந்தார்கள். பிளம்பர் ஒதுங்கிக் கதவோரம் நின்றார்.

"எங்க ஒதுங்குறீங்க?" அக்காவின் குரல் உயர்ந்தது. "அண்ணன்னு கையெழுத்துப் போட்டுத்தானே கொண்டுவந்தீங்க? வந்து பிடிங்க."

அவர் வந்து பிடித்தார்.

அடக்கம் முடிந்து ஆளுக்கொரு பக்கமாகக் கலைந்தார்கள். பிளம்பரிடம் யாரும் பேசவில்லை. அக்கா மட்டும் கல்லறைத் தோட்ட வாசலில் நின்றிருந்தார். எப்போதும் பிளம்பரைத் தம்பி, தம்பி என்று கூப்பிடுகிறவர், அன்றைக்கு அப்படிக் கூப்பிடவில்லை.

"கடைசி நேரத்துல பக்கத்துல யாராவது இருந்தாங்களா?"

"இல்லக்கா."

"படுக்கை சன்னல் பக்கமா?"

"இல்ல. சுவத்துப் பக்கம். பெயிண்ட் உரிஞ்ச சுவரு."

அக்கா முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். பிளம்பர் நாலடி பின்னால் நடந்தார். கூட வா என்று அவர் சொல்லவில்லை. வராதே என்றும் சொல்லவில்லை. வெயில் ஏறியிருந்தது. தெருமுனை வரைக்கும் இருவரும் அப்படியே போனார்கள்.