கதவுக்குப் பின்னால் கேட்ட மூச்சு

முகமூடிக்காரன் படத்தின் ஒன்பதாம் பாகத்துக்காக அன்று காலையில் மட்டும் பதினான்கு முட்டைக்கோஸ்கள் உயிரை விட்டிருந்தன. ஒலிக்காரர் கத்தியை இறக்க இறக்க, எதிரே இருந்த மைக் அந்தச் சத்தத்தை விழுங்கிக்கொண்டே இருந்தது. படத்தில் கத்தி எவன் வயிற்றில் பாய்ந்தாலும் சத்தம் அவருடைய கோஸிலிருந்துதான் வந்தாக வேண்டும். இருபத்தெட்டு வருஷமாக இதுதான் பிழைப்பு. வீட்டில் கோஸ் வாங்குவதை எப்போதோ விட்டாயிற்று.

முதல் பாகம் இப்படி இல்லை. அதில் ஒரே ஒரு கொலை. முகமூடிக்காரன் ஓர் அறைக்குள் போவான், கதவு சாத்திக்கொள்ளும், அப்புறம் திரையில் கதவு மட்டும்தான். அதற்குப் பின்னாலிருந்து ஒரு பெண்ணின் மூச்சு பதினோரு விநாடி திணறித் திணறி வந்து நின்றுபோகும். கொட்டகையில் ஒருத்தர்கூட இருமமாட்டார். படம் ஓடு ஓடென்று ஓடியது. அந்த மூச்சால்தான் ஒலிக்காரருக்குப் பேரே வந்தது.

ருசி கண்டவர்கள் சும்மா இருப்பார்களா? இரண்டாம் பாகத்தில் கதவைக் கொஞ்சம் திறந்தார்கள். மூன்றில் கதவையே கழற்றி எறிந்தார்கள். நான்கில் பதினோரு பிணம். ஐந்தில் முகமூடிக்காரனுக்கு அழுமூஞ்சிச் சிறுவயசு ஒன்றை ஒட்டவைத்தார்கள். ஆறில் செத்தான், ஏழில் எழுந்து வந்தான். எட்டாம் பாகத்துக்கு வந்தபோது அவன்தான் கதாநாயகன். சாகிறவர்களுக்குப் பேர்கூடக் கிடையாது. குழந்தைகள் அளவில் முகமூடி செய்து கடைகளில் தொங்கவிட்டார்கள், கூச்சமே இல்லாமல். ஜனங்கள் ஒவ்வொரு கொலையையும் சத்தம் போட்டு எண்ணிச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைக் கேட்டாலே ஒலிக்காரருக்குக் குமட்டும். குமட்டிக்கொண்டே அடுத்த பாகத்துக்கும் தலையாட்டிவிடுவார்.

அன்று மதியம் இயக்குநர் துள்ளிக்கொண்டு வந்தார். இந்தத் தொடருக்கு இவர் ஐந்தாவது இயக்குநர். முதல் பாகம் வந்தபோது பிறந்தே இருக்கவில்லை.

"சார், உங்க பழைய டேப் கிடைச்சிடுச்சு. படத்துல பதினோரு செகண்டுதான் வருது, டேப்ல நாப்பது செகண்ட் இருக்கு! கடைசில 'தம்பி'ன்னு ஒரு குரல் வருது பாருங்க, உடம்பே சிலிர்த்துடுச்சு."

ஒலிக்காரர் கத்தியைக் கீழே வைத்தார்.

"அதை நம்ம முகமூடிக்குக் குடுத்துடலாம் சார். இனிமே அவன் வர்றதுக்கு முன்னாடி அந்த மூச்சு வரும். கேட்டதுமே விசில் பறக்கணும்."

"அது சாகுறவளோட மூச்சுப்பா."

"அதெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கு? குரல் குடுத்தவங்க கையெழுத்து வேணும்னு வக்கீல் சொல்றார். யார் சார் அந்த நடிகை?"

நடிகையாம்! அது அவருடைய அக்கா. அப்பாவும் அம்மாவும் போன பிறகு அவரை ஆளாக்கியவள். ஆஸ்துமாக்காரி. ஒருநாள் அவர் வீட்டில் பதிவுக் கருவியை வைத்துக்கொண்டு எதையோ நோண்டிக்கொண்டிருந்தபோது, அவள் மூச்சு முட்டிச் சுவரோரம் சரிந்துவிட்டாள். அவர் கை முதலில் போனது பதிவுப் பொத்தானுக்கு. மருந்துக்கு அப்புறம்தான் போனது. வேறு எந்தத் தம்பியும் செய்யாத தப்பு அது. சத்தம் பொறுக்கிப் பிழைக்கிறவன் மட்டுமே செய்வான்.

அக்காவிடம் அவர் சொல்லவில்லை. முதல் பாகத்தைப் பார்க்க வந்தவள் பாதியில் எழுந்து போனாள். "எனக்கு இதெல்லாம் ஒத்துக்காதுடா" என்றாள். அதற்கப்புறம் ஒரு பாகமும் பார்க்கவில்லை. பயந்த சுபாவம் என்று அவர் தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டார்.

சாயந்திரம் வக்கீல் கொடுத்த சம்மதப் படிவத்தோடு வீட்டுக்கு வந்தார். முடியாது என்று சொல்லியிருக்கலாம். அந்த வார்த்தை அவர் வாயில் வந்து வெகுநாளாயிற்று. கையெழுத்துப் போடுகிற இடம் மட்டும் தெரியும்படி படிவத்தை மடித்து அக்கா முன்னால் வைத்தார். அப்படி மடித்த விரல்களைப் பார்க்க அவருக்கே அருவருப்பாக இருந்தது.

"ஆபீஸ் காகிதம்க்கா. இங்க ஒரு கையெழுத்துப் போடு."

அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மடிப்பைப் பிரித்து, கடைசி வரி வரைக்கும் படித்தாள்.

"அன்னைக்கு எடுத்ததா?"

"உனக்குத் தெரியுமா?"

"பொத்தானைத் தட்டின சத்தம் எனக்குக் கேட்டுச்சுடா. அப்புறம் நீ எழுந்து வந்தே. மருந்து கொண்டு வர்றேன்னு நெனச்சுக் கையை நீட்டினேன். நீ மைக்கை என் வாய்க்கிட்ட வெச்சே. அப்போதான் தம்பின்னு கூப்பிட்டேன்."

இத்தனை வருஷம் அவர் பொத்தானை மட்டும்தான் தனக்குள் ஒப்புக்கொண்டிருந்தார். மைக்கை நகர்த்தியதை மனசிலிருந்தே வெட்டி எறிந்திருந்தார். வெட்டுவதும் ஒட்டுவதும்தானே தொழில்.

அக்கா பேனாவை அவர் பக்கம் தள்ளினாள். "நீயே போட்டுக்கோ. அன்னைக்கு என்னைக் கேட்டுட்டா எடுத்தே?"

பேசிய வேகத்தில் அவளுக்கு இழுப்பு வந்துவிட்டது. இந்தத் தடவை அவர் ஓடினார். அலமாரியிலிருந்து மருந்தை எடுத்து அவள் கையில் திணித்தார். அவள் அழுத்தி இழுத்தாள். மார்பு விம்மி விம்மித் தணிந்தது. அருகிலேயே நின்ற அவருடைய காது அதைக் கவ்விக்கொண்டது. பழையதைவிடக் கனமான மூச்சு, முகமூடிக்கு இன்னும் பொருத்தம் என்று நினைத்தார்.

நினைத்து முடிப்பதற்குள் படிவத்தைக் கசக்கிக்கொண்டு கழிவறைக்கு ஓடி, கதவைச் சாத்திக்கொண்டு, குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தார். மூச்சு முட்டியது.

கதவுக்கு வெளியே செருப்புச் சத்தம் அவசரமாக வந்து நின்றது.

"தம்பி, கதவைத் திற. தண்ணி கொண்டு வந்திருக்கேன்."