எட்டு ஞாயிறும் ஒரு ஃபின்னும்

இடது தோள் காலையிலேயே வலிக்க ஆரம்பித்துவிடும். தலை வாரக் கையைத் தூக்கும்போது ஒரு தடவை, சட்டைக்குள் கையை நுழைக்கும்போது ஒரு தடவை. பதினெட்டு வருஷம் துறைமுகத்தில் மூட்டை தூக்கிய தோள் அது. அதற்கப்புறம் ஏழு வருஷமாகக் கடற்கரைக் கொட்டகையில் பாய்ப்பலகை வாடகைக்கு விடும் வேலை. பலகையில் நின்று பாயைப் பிடித்துக்கொண்டு காற்றில் ஓடுவது வாடகை கொடுக்கிறவர்கள். தூக்குவது, கழுவுவது, உடைத்துக்கொண்டு வந்தால் ஒட்டுவது நான். மூட்டையைவிடப் பலகை லேசுதான். ஆனால் மூட்டை காற்றில் திரும்பிக்கொண்டு மூஞ்சியில் அறையாது.

இந்த வருஷம் தோளுக்குள் ஏதோ கிழிந்துவிட்டது. இரண்டு மாசம் கனம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வார நாளில் நாலு பேர் வருவார்கள், ஒற்றைக் கையால் சமாளிக்கலாம். ஞாயிற்றுக்கிழமை கூட்டம் பிதுங்கும். ஆள் இல்லையென்றால் வேறு ஆளைப் போடுவேன் என்றார் கொட்டகை முதலாளி. அவர் சொல்கிற காற்று ஒருநாளும் அடித்ததில்லை, அதனால் அவருக்கு 'வானிலை' என்று பேர். இந்த விஷயத்தில் மட்டும் சொன்னதைச் செய்வார்.

என் வீட்டுக்காரியின் தங்கை சின்னவள்தான் வந்து நின்றாள். மீன் குளிரறையில் ஆறு நாள் பெட்டி அடுக்குகிறவள். ஞாயிறு ஒன்றுதான் லீவு. அந்த லீவில்தான் மூன்று வருஷமாக எங்கள் கொட்டகைப் பலகையில் பழகிக்கொண்டிருந்தாள். எட்டு ஞாயிறு, பழகுவதை விட்டுவிட்டு என் வேலையைப் பார்த்தாள்.

"இதுக்கெல்லாம் உனக்கு என்ன செய்யப்போறேன்?" என்றேன்.

"ஒண்ணும் வேணாம் மாமா. தேர்வுக்குப் பலகை மட்டும் நீங்க ரெடி பண்ணிக் கொடுங்க. அது உங்க பொறுப்பு."

விரிகுடாவின் அந்தப் பக்கத்துச் சங்கத்தில் பயிற்சியாளர் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள். மத்தியானக் காற்றில் மிதவையைச் சுற்றி மூன்று சுற்று, இருபத்தைந்து நிமிஷம். தேறினால் குளிரறை வேண்டாம். அவளுக்கு விரல் நுனி மரத்துப்போய், சட்டைப் பொத்தான் போட அக்காவைக் கூப்பிடுகிறாள். வயது முப்பத்தொன்று.

பலகை பார்த்தது புதன்கிழமை. கொட்டகையில் ஓய்வாகக் கிடந்தது மூன்று. முதலாவது அகலமானது, நூற்றுமுப்பது லிட்டர் மிதப்பு.

"இதையே எடுத்துக்கலாமே, நல்லாத் தாங்குமே?" என்றாள் என் வீட்டுக்காரி. சாப்பாடு கொண்டுவந்திருந்தாள்.

"தாங்கும். உன்னைக்கூடத் தாங்கும்."

"கொழுப்பா?"

மத்தியானத்தில் எங்கள் விரிகுடா, தார் பெயர்ந்த ரோடு மாதிரி ஆகிவிடும். காற்று ஒரு பக்கம் தள்ளும், கரையில் மோதித் திரும்புகிற அலை எதிர்ப்பக்கம் தள்ளும். அகலப் பலகை அதில் டம் டம் என்று அறைவாங்கி ஆளை உதறிவிடும். இரண்டாவது எண்பது லிட்டர், பெரிய அலைக்கு உள்ளது. காற்று கொஞ்சம் செத்தால் முழங்கால் வரை முங்கிவிடும். மூன்றாவது தொண்ணூற்றிரண்டு லிட்டர். மூக்குக்கு அடியில் படகு மாதிரி கூம்பியிருக்கும், ஓரம் உருண்டை, வால் ஒடுக்கம். எந்தத் தண்ணீருக்கும் ஒப்பேற்றும். சின்னவள் ஐம்பத்துநாலு கிலோ, அவளுக்கு அளவெடுத்தது மாதிரி. மூக்கில் மட்டும் ஒரு கை அகலத்துக்கு உடைசல். அதனால்தான் ஓய்வில் இருந்தது.

இரண்டு நாள் அதை ஒட்டினேன், காயவைத்தேன், தேய்த்தேன். வெள்ளிக்கிழமை மத்தியானமே வேலை முடிந்து வந்தவளைப் பாய்மரத்துக்குப் பக்கத்தில் நிற்கவைத்து, கைப்பிடிக் கம்பியை அவள் தோளுக்கு ஒரு விரல் கீழே கட்டினேன். குதிக்கிற தண்ணீரில் கம்பி தாழ இருந்தால் பிடி நிற்கும். மரத்தின் அடியைப் பலகையில் நடுவிலிருந்து துளி முன்னால் தள்ளி வைத்தேன், மூக்கு எம்பாமல் இருக்க. பாதத்தை நுழைத்துக்கொள்கிற கால்வார்களை உள்பக்கத் துளைக்கு மாற்றினேன்.

"கம்பி நகந்துட்டா எப்படிக் கண்டுபிடிக்கிறது?" என்றாள்.

பையிலிருந்து சிவப்பு நகப்பூச்சை எடுத்து மரத்தில் ஒரு கோடு போட்டாள். குளிரறையில் நகப்பூச்சு போடக் கூடாது. பாட்டில் நிறைய அப்படியே இருந்தது.

கடைசியாக ஃபின். பலகைக்கு அடியில் மீன் துடுப்பு மாதிரி நிற்பது. அதுதான் பலகையை வழுக்காமல் பிடிக்கும். அவள் எடைக்கு இருபத்துநாலு சென்டிமீட்டர். மேலிருந்து ஒரே போல்ட், முறுக்கினேன்.

"சரியா மாமா?"

"நாளைக்கு நீ போய் நிக்க வேண்டியதுதான். வீட்டுக்குப் போய்த் தூங்கு."

அவள் போனதும் நான் செய்ததுதான் எல்லாவற்றுக்கும் காரணம். ஒட்டின பலகையைத் தண்ணீரில் ஓட்டிப் பார்க்காமல் நான் யாருக்கும் கொடுத்ததில்லை. மூட்டை தூக்கிய காலத்துப் புத்தி. கயிற்றை இழுத்துப் பார்க்காமல் பாரத்தை ஏற்றாதே. நான் எண்பத்தெட்டு கிலோ. என் காலுக்கு இருபத்துநாலு ஃபின் நிற்காது, வால் வழுக்கிக்கொண்டு போகும். அதனால் முப்பத்திரண்டை மாட்டினேன். அரை மணி நேரம் ஓடினேன். ஒட்டு பிடித்திருந்தது, ஒரு சொட்டு உள்ளே இறங்கவில்லை. நல்ல பலகை. எனக்கே சந்தோஷமாக இருந்தது.

கரைக்கு வந்தபோது தோள் என்னுடையதாக இல்லை. பலகையை முதுகால் முட்டுக்கொடுத்துத்தான் அடுக்கில் ஏற்ற முடிந்தது. ஸ்க்ரூடிரைவர் கொட்டகையின் அந்த மூலையில், இருபது தப்படி. சின்ன ஃபின்னைக் காலையில் மாட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அந்த நினைப்பு இன்றும் ஒவ்வொரு சொல்லாக ஞாபகம் இருக்கிறது.

காலையில் வானிலை புதுச் சரக்கு இறக்க என்னைக் கூப்பிட்டுவிட்டார். நான் திரும்பி வருவதற்குள் சின்னவள் குளிரறைக்கு லீவு சொல்லிவிட்டு வந்து பலகையை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள். உறைபோட்டு மூடின பலகை, உறையைக் கழற்றினாலும் ஃபின் அடிப்பக்கம். அவள் ஏன் கவிழ்த்துப் பார்க்கப்போகிறாள்? ரெடி பண்ணினது மாமா.

மதியம் மூன்று மணிக்குத்தான் நான் போய்ச் சேர்ந்தேன். அவள் முதல் சுற்றில் இருந்தாள். காற்று ஏறிக்கொண்டிருந்தது. பலகையின் காற்றுப்பக்க ஓரம் தண்ணீரை விட்டுக் கிளம்பிக் கிளம்பிப் புரண்டது. லேசான ஆளைப் பெரிய ஃபின் அடியிலிருந்து நெம்புகோல் மாதிரி தூக்கும்.

இரண்டாவது சுற்றில், மிதவைக்கு இந்தப் பக்கம் பலகை அவளைத் தூக்கி முன்னால் எறிந்தது. எழுந்தாள். மறுபடி எறிந்தது. மூன்றாவது தடவை அவள் பாயை எடுக்காமல் பலகையைக் கவிழ்த்து அடியைப் பார்த்தாள். அப்புறம் கரைக்கு ஓட்டிக்கொண்டு வந்தாள்.

"ஸ்க்ரூடிரைவர்," என்றாள் என்னைப் பார்த்து. உதட்டில் ரத்தம்.

என்னிடம் ஸ்க்ரூடிரைவர் இருந்தது. பையில் சின்ன ஃபின்னும் இருந்தது. காலையிலிருந்து தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் குனிவதற்குள் பிடுங்கி அவளே மாற்றினாள். மரத்த விரலுக்குப் போல்ட் பிடிபடவில்லை, இரண்டு தடவை மணலில் விழுந்தது.

"கடிகாரம் ஓடுது," என்றாள் தேர்வு நடத்துகிற அம்மா. குரலில் கெடுதல் இல்லை.

மிச்சத்தைச் சின்னவள் ஓடினது பார்க்க அழகாக இருந்தது. குதிக்கிற தண்ணீரில் பலகை ஒரே கோட்டில் போனது, மூக்கு எம்பவில்லை, கம்பி சிவப்புக் கோட்டில் நின்றது. முப்பத்தொரு நிமிஷம்.

"ஓட்டம் நல்லா இருக்கு. நேரம் போயிடுச்சு. அஞ்சு மாசம் கழிச்சு வாங்க," என்றாள் அந்த அம்மா. "கொஞ்சம் கூடப் பழகிட்டு வந்தா, விழுந்தாலும் சீக்கிரம் எழுந்துக்கலாம்."

வண்டியில் பலகையைக் கட்டும்போது சொல்லிவிட்டேன். "நான் ஓட்டிப் பார்த்தேன். மாத்த மறக்கல. மூலை வரைக்கும் நடக்கச் சோம்பல்."

அவள் கயிற்றை இழுத்து முடிந்தாள். "தோள் எப்படி இருக்கு?"

"கிடக்கு."

"பூசி மெழுகாம சொல்லிட்டீங்க. அக்காவா இருந்தா எலி வந்து மாத்திடுச்சுன்னு சொல்லியிருப்பா." சிரிக்கப் பார்த்தாள், உதடு வலித்தது. "திங்கக்கிழமை அஞ்சரைக்குத் திரும்பக் குளிரறை ஷிஃப்ட் மாமா. இப்ப என்னை வீட்டுல எறக்கி விட்டுட்டுப் போங்க."

அவள் பழக வேண்டுமென்றால் ஞாயிறு வேண்டும், பலகையைத் தூக்கி இறக்க ஆளும் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை என்னைக் கொட்டகையிலிருந்து விடச் சொல்லி வானிலையிடம் இரண்டு தடவை கேட்டேன். பார்க்கலாம் என்கிறார். இரண்டு மாசம் போய்விட்டது. அடுத்த தேர்வுக்கு இன்னும் மூன்று மாசம். சின்னவளுக்கு நான் எட்டு ஞாயிறு பாக்கி. இதுவரை ஒன்றுகூடக் கொடுக்கவில்லை.