கல்லுக்கு ஒரு நிலா

என் வீட்டுக்காரருக்கு ஒரு கல்லுக்கு நிலா வேண்டியிருந்தது. வெறும் ஆசை என்று நினைக்காதீர்கள். அந்த நிலா இல்லையென்றால் அவருக்கு பஸ் இல்லை.

வானத்தில் சிறுகோள் என்ற பெயரில் கணக்கில்லாத கற்கள் சுற்றுகின்றன. எப்போதாவது ஒரு கல் ஏதோ ஒரு நட்சத்திரத்துக்குக் குறுக்கே வரும். நட்சத்திரம் சில நொடி அணைந்து மறுபடி எரியும். எங்களைப் போன்ற பைத்தியங்கள் ஆளுக்கோர் இடத்தில் நின்று அதை நேரம் குறித்து அனுப்பினால் கல்லின் வடிவம் தெரியும். ஒரே நட்சத்திரம் இரண்டு தடவை அணைந்தால் கல்லுக்குக் குட்டி நிலா ஒன்று இருக்கலாம். அப்புறம் கண்டுபிடித்தவரைக் கையில் பிடிக்க முடியாது.

அவர் டவுன் பஸ் டிரைவர். நான் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறேன். மொட்டைமாடியில் பக்கத்துப் பக்கத்தில் எங்களுக்கு இரண்டு தொலைநோக்கிகள். என்னுடையதில் கேமரா உண்டு, நான் திரையைப் பார்ப்பேன். அவருக்குக் கேமரா ஆகாது. வலது கண்ணை வைத்துப் பார்த்து, ரெக்கார்டரில் "போச்சு!" என்று கத்துவார், "வந்தாச்சு!" என்று கத்துவார். ஒருமுறை அந்தப் "போச்சு"வைக் கேட்டு, யாருக்கோ உயிர் போய்விட்டதென்று கீழ்வீட்டுக்காரி அலறியடித்துக்கொண்டு ஓடிவந்தாள்.

போன வாரம் கணித்தபடியே நட்சத்திரம் அணைந்தது, எரிந்தது. நான் நிமிர்ந்து சோம்பல் முறித்தேன். அப்போது அவர் இன்னொரு தடவை "போச்சு!" என்றார். கொஞ்ச நேரத்தில் "வந்தாச்சுடி, வந்தாச்சு!" என்று என்னைக் கட்டிக்கொண்டு குதித்தார். கல்யாணத்தன்றுகூட மனுஷர் அப்படிச் சிரிக்கவில்லை.

என் திரையில் நட்சத்திரம் ஆடாமல் அசையாமல் அப்படியே இருந்தது.

"இங்க ஒண்ணும் போகலையே," என்றேன்.

"உன் கேமராவுக்குக் கண்ணு தெரியலடி."

இப்படி வானம் பார்க்கும் எங்கள் குழுவின் தலைவர் ஒரு பல் டாக்டர். தங்கமான மனுஷர். மறுநாள் போன் செய்தார். "வேற யாருக்கும் ரெண்டாவது தடவை போகலையே சார். உங்க வீட்டுக் கேமராலயே இல்ல. மெல்லிசா மேகம் ஏதாச்சும்..." இவர் விடுவாரா? தான் பிடித்த முயலுக்கு மூன்று கால்தான். மேகமே கிடையாது, நிலாதான் என்று சாதித்தார். நானும் பிடிவாதக்காரர் என்று திட்டிவிட்டு விட்டுவிட்டேன்.

இன்று மத்தியானம் ஒரு அம்மா கண் சொட்டு மருந்து வாங்க வந்தார். "எல்லாம் நல்லாத்தாம்மா தெரியுது. திடீர்னு ஒரு துண்டு மட்டும் காணாம போயிடும். ஒரு கண்ணு விட்டதை இன்னொரு கண்ணு பாத்துக்குது போல, எனக்கே தெரியாம இவ்வளவு நாள் ஓடிருக்கு," என்றார். மருந்துப் புட்டியை நீட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். போன வாரம் அவர் மட்டும் கண்ட இரண்டாவது "போச்சு" நினைவுக்கு வந்தது. அவர் ஓட்டும் காலை பஸ்ஸில் புத்தகப்பையோடு ஏறும் பிள்ளைகள்தான் கண்முன் வந்தார்கள்.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"வலது கண்ணை டாக்டர்கிட்ட காட்டுங்க."

"என் கண்ணுக்கு என்ன கேடு?"

"நாளைக்கே ஏதாவது பிள்ளை குறுக்கே வந்தா? அப்பவும் 'போச்சு'ன்னு கத்துவீங்களா?"

கேட்டிருக்கக் கூடாது. அவர் முகம் செத்துப்போனது. என் வாய் அப்படி, என்ன செய்ய?

"அந்தக் கல்லுக்கு நிலா இருக்கு," என்றார் மெதுவாக. "இருந்தே ஆகணும். ஸ்டியரிங்கை விட்டா எனக்கு வேற என்ன தெரியும், சொல்லு?"

அவருக்கும் சந்தேகம் இருந்திருக்கிறது. அது தெரிந்ததும் கோபமும் பரிதாபமும் சேர்ந்து வந்தன.

அவரே வழி சொன்னார். இன்று இருட்டியதும் வளர்பிறை நிலா ஒரு நட்சத்திரத்தை மறைக்கும். "சந்திரன் யாருக்கும் சலுகை காட்டாது. உன் கேமராவும் என் கண்ணும் ஒண்ணா சொன்னா இந்தப் பேச்சை இத்தோட விடு. இல்லேன்னா நானே டிப்போல போய்ச் சொல்லிடறேன்."

மாடிக்குப் போனோம். நிலாவின் இருண்ட விளிம்பு நட்சத்திரத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. நான் தோற்க வேண்டும், நான் தோற்க வேண்டும் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. வாழ்க்கையில் எந்தச் சண்டையிலும் நான் அப்படி நினைத்தவள் இல்லை.

திரையில் நட்சத்திரம் பட்டென்று காணாமல் போனது.

"போச்சு!" என்றார் அவர், அதே நொடியில்.

அழுதேவிட்டேன். "நான் ஒரு லூசு, மன்னிச்சிடுங்க," என்று டார்ச்சைப் போட்டுக்கொண்டு அவரிடம் ஓடினேன்.

அவர் இன்னும் குனிந்தபடியே இருந்தார். தொலைநோக்கியில் இருந்தது இடது கண். வலது கண்ணை உள்ளங்கையால் பொத்தியிருந்தார்.

வெளிச்சம் பட்டதும் கையை எடுத்தார். அவராகவே சொன்னார்.

"டிப்போ கண் டெஸ்ட்லயும் இப்படித்தான். அந்த எழுத்து அட்டை எனக்கு மனப்பாடம்."

"எவ்வளவு நாளா?"

"சரியா தெரியல. போன மாசம் ஒரு சைக்கிள்காரன். வலது பக்கம் ஆளே இல்லை. அப்புறம் பாத்தா பக்கத்துல இருக்கான். ஒரு சாண்தான் இடைவெளி. என்னைக் கெட்ட வார்த்தையில திட்டினான். நான் கும்பிட்டேன்."

டார்ச்சை அணைத்தேன். அவர் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை.

"நாளைக்கு வண்டி எடுக்காதீங்க."

"முதல் வண்டி என்னுது. வேற ஆள் இல்ல."

"அப்ப நான் சொல்லிடுவேன்."

"சொல்லிடுவியா?"

"சொல்லிடுவேன்."

போனை எடுத்து டிப்போ மேனேஜர் நம்பரைத் தேடினேன். அவர் பிடுங்குவார் என்று நினைத்தேன். பிடுங்கட்டும் என்றுகூட மனசின் ஒரு மூலையில் இருந்தது. அவர் தண்ணீர்த் தொட்டிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"அது பழைய நம்பர். எடுக்க மாட்டாரு," என்றார். "புதுசு சொல்றேன், போடு."

ஒவ்வோர் எண்ணாகச் சொன்னார். ஒவ்வொன்றாகப் போட்டேன். கடைசி எண்ணுக்கு முன்னால் கொஞ்சம் நின்றார். நான் காத்திருந்தேன். அதையும் சொன்னார்.

"என்னம்மா இந்த நேரத்துல?" என்றார் மேனேஜர், நான் யாரென்று சொன்னதும். "அவருக்கு உடம்பு சரியில்லையா?"

"வலது கண்ணு தெரியலைங்க," என்றேன். "இனிமே அவருக்கு வண்டி குடுக்காதீங்க."