வேலையில் இருப்பவள்

கணக்கெடுக்க வந்த கலைவாணன் மடியில் டேப்லெட்டைத் திறந்ததுமே பச்சியப்பன் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டார். அவருக்கு அரசாங்கம் என்றால் ரேஷன் கார்டும் மனைவிக்கு மாதாமாதம் வரும் பணமும்தான். கேட்பவரிடம் ஒரு வார்த்தை மாற்றிச் சொன்னாலும் இரண்டும் நின்றுவிடும் என்று நம்பினார். பென்னாகரம் சந்தையில் வாய்க்கு வந்தபடி அளந்துவிடுகிற மனிதர், அரசாங்கத்து ஆள் முன்னால் மட்டும் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்தவர் போலத்தான் பேசுவார். வீட்டில் யார் யாருக்கு வேலை இருக்கிறது, யாருக்கு இல்லை என்ற கணக்கு இது, குடும்பத்தலைவர் எல்லோருக்குமாகச் சொன்னால் போதும் என்றார் கலைவாணன். பச்சியப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

வாசலில் கொஞ்சம் தள்ளி அவர் மகள் பூவிழியும் மனைவி தங்கம்மாளும் புளியைத் தட்டிக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார்கள். பூவிழி எம்.எஸ்சி. வேதியியல் முடித்தவள். தன் முறை எப்போது வரும் என்று காதைத் தீட்டி வைத்திருந்தாள். கல்யாண வீடுகளில் உறவுக்காரர்கள் பாதிச் சிரிப்போடு கேட்பார்களே, இன்னும் வேலை கிடைக்கலையா என்று, அந்தக் கேள்விக்கு அவள் கூசிப்போவாள். ஆனால் இது வேறு. படித்துவிட்டு வேலை தேடுகிறாள் என்று எங்கோ ஒரு கணக்கில் ஒழுங்காக ஏறும். ஏறிவிட்டுப் போகட்டும். எப்படியும் ஓசூர்க் கம்பெனியின் பரிசோதனைக் கூடத்திலிருந்து இன்றோ நாளையோ அழைப்பு வந்துவிடும் என்று பொங்கலிலிருந்து காத்துக்கொண்டிருந்தாள். கண்டவனெல்லாம் உன்னைக் கூப்பிடுவான், என் நம்பரைக் கொடு என்று அப்பா சொன்னதால் விண்ணப்பத்தில் அவர் நம்பரையே கொடுத்திருந்தாள்.

"பூவிழி. போன வாரம் எதாவது வேல செஞ்சாங்களா?"

"இல்லீங்க சார். சும்மாதான் இருக்குது."

"வேல தேடுனாங்களா?"

"தேடுச்சுங்க. ஓசூருக்குப் போட்டுச்சு."

"இப்ப வேல கெடச்சா போவாங்களா?"

பச்சியப்பன் மகள் பக்கம் பார்த்தார், டேப்லெட்டைப் பார்த்தார். டேப்லெட்தான் ஜெயித்தது.

"கெடச்சுதுங்க சார். போன மாசம் போன் பண்ணி வந்து சேரச் சொன்னாங்க. நாந்தான் புள்ளைக்கு இஷ்டமில்லன்னு சொல்லிட்டனுங்க. அவ்ளோ தூரம், ஹாஸ்டல்ல தங்கோணும், நைட் ஷிப்ட்டு வேற. நமக்கு ஒத்துவராதுங்க."

பூவிழிக்கு முதலில் கோபம் வரவில்லை. யாரோ வேறு வீட்டுப் பெண்ணைப் பற்றிப் பேசுகிறார்கள் என்றே இருந்தது. பிறகு அம்மாவைப் பார்த்தாள். தங்கம்மாள் தலையைத் தூக்கவில்லை. தட்டிய புளியையே மறுபடி தட்டினாள். அம்மாவுக்கும் தெரியும் என்பது அப்போதுதான் புரிந்தது. போன வாரம்கூட, போன் வரவே இல்லையே என்று இவள் அழுதபோது, தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டு, வரும்டி, எங்க போயிடும் என்று சொன்னவள் இதே அம்மாதான். அப்பா ஏமாற்றினார் என்றால் எப்படியாவது தாங்கிக்கொள்ளலாம். அம்மாவும் சேர்ந்தா?

கலைவாணன் எதையோ அழுத்தப்போனவர் நிறுத்தி, புளியைப் பார்த்தார்.

"இது விக்கிறதுக்குங்களா?"

"ஆமாங்க. மரத்தைக் குத்தகைக்கு எடுத்து உலுக்கி, தட்டி, சந்தையில போடறோம்."

"பொண்ணும் டெய்லி தட்றாங்களா?"

"வூட்ல இருக்கறப்ப தட்டத்தானுங்க செய்யும்."

"அப்ப வேலையில இருக்காங்கன்னுதான் வரும்."

"எனக்கு வேல இல்லீங்க சார்," என்றாள் பூவிழி. அவள் குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது.

கலைவாணன் நல்ல மனிதர்தான். சங்கடப்பட்டார். "வாரத்துல ஒரு மணி நேரம் குடும்பத் தொழில்ல ஒத்தாசை பண்ணாலும் வேலைதாம்மா. அப்படித்தான் கணக்கு."

"கூலி இல்லீங்களே."

"கூலி இல்லன்னாலும்."

"நான் தேடறனே. அத எங்க எழுதுவீங்க?"

"வேலையில இருக்கறவங்க தேடறதெல்லாம் இந்தக் கணக்குல வராதும்மா."

பச்சியப்பனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. வீட்டில் சும்மா இருப்பவர் ஒருவர்கூட இல்லை என்று அரசாங்கமே சொல்லிவிட்டதில் அவருக்கு அப்படியொரு நிம்மதி. மூன்று மாதம் கழித்து இதே வீட்டுக்கு மறுபடி வருவேன் என்று கலைவாணன் எழுந்தபோது, வழியனுப்பிக்கொண்டே பச்சியப்பன் சொன்னார்:

"வாங்க சார். அதுக்குள்ள பாப்பாவுக்குக் கல்யாணம் ஆயிரும். மொரப்பூர்ல பேசி முடிச்சாச்சு. அப்ப அது பேர எடுத்துரலாங்க."

இதுவும் அவள் கேள்விப்படாதது. கல்யாணமா, எப்போது பேசினார்கள், யாரோடு? அத்தனையும் அரசாங்கத்துக்குத்தான் முதலில் தெரிய வேண்டியிருக்கிறது. அடுத்தவர் வயிற்றிலடித்தால் சண்டைக்குப் போகலாம், பெற்றவர்கள் அடித்தால் எங்கே போய்ச் சொல்வது? அழக்கூடாது என்று பல்லைக் கடித்தாள்.

பச்சியப்பன் திரும்பி வந்தபோது, கலைவாணன் எழுந்துபோன நாற்காலியில் பூவிழி உட்கார்ந்திருந்தாள். விரலெல்லாம் புளிப் பிசுக்கு. எதிரே இருந்த நாற்காலியைக் காட்டினாள். என்ன நினைத்தாரோ, அவரும் உட்கார்ந்தார்.

"போன் பண்ணது யாருப்பா? ஆம்பளையா, பொம்பளையா?"

அவர் தோள் துண்டை எடுத்து உதறி மறுபடி போட்டுக்கொண்டார்.

"எனக்கு இஷ்டமில்லன்னு நீங்க சொன்னப்ப, அவங்க என்ன சொன்னாங்க?"

எந்தக் கேள்விக்கும் தடங்கலில்லாமல் பதில் சொன்ன மனிதர், பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி தரையைப் பார்த்தார். தங்கம்மாள் தட்டுவதை நிறுத்தியிருந்தாள். பூவிழி காத்திருந்தாள். எதிர்வீட்டு வாசலில், உள்ளேயிருந்து ஒரு பெண் எட்டிப் பார்க்க, வூட்ல மொத்தம் எத்தன பேருங்க என்று கலைவாணன் குடும்பத்தலைவரிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.