கட்டில் போன வேகம்

பனியாறு அளப்பவளின் கணவர் படுத்திருந்த கட்டில், ஒரு செவ்வாய்க்கிழமை முதல் நாளொன்றுக்கு நாற்பது சென்டிமீட்டர் வீதம் கிழக்கே நகரத் தொடங்கியது. பஸ் ஓட்டுநரான அவருக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய் இரண்டு வருடமாகியிருந்தது. அவளுக்கு நாற்பது என்ற எண் பழக்கமானது. செயற்கைக்கோள் பன்னிரண்டு நாளைக்கொரு முறை எடுக்கும் படங்களை அருகருகே வைத்து, பழைய படத்தில் இருந்த விரிசல் புதியதில் எவ்வளவு தள்ளிப் போயிருக்கிறது என்று பார்த்து, நாட்களால் வகுப்பதுதான் அவள் வேலை. எங்கோ ஒரு தூரக் கடலை நோக்கி இறங்கிக்கொண்டிருந்த அவளுடைய பனியாறும் அதே நாற்பதில்தான் போய்க்கொண்டிருந்தது. கட்டிலைப் பின்னுக்கு இழுத்தார்கள், செங்கல் முட்டுக் கொடுத்தார்கள். ஒன்றும் எடுபடவில்லை. ஏழாம் நாள் கொத்தனார் வந்து சுவரை இடித்து வழிவிட்டார்.

அடுத்த கோடையில் பனியாறு வேகம் பிடித்தது, கூடவே கட்டிலும். நான்கு மீட்டர் என்று எழுதவேண்டிய இடத்தில் அவள் ஒரு மீட்டர் என்று எழுதினாள். மேலதிகாரி தானே அளந்து பார்த்துவிட்டு அவளைக் கூப்பிட்டார்.

"நீ தப்பு விடற ஆள் இல்லையே. என்னாச்சு?"

"குறைச்சு எழுதினா குறையுமான்னு பாத்தேன் மேடம்."

"குறைஞ்சுதா?"

"இல்ல."

அதற்குள் கட்டில் மருந்துக்கடையைத் தாண்டி, அவர் பஸ் ஓட்டிய, படகுத்துறைக்குப் போகும் சாலைக்கு வந்திருந்தது. மழைக்குத் தார்ப்பாய் கட்டினார்கள், போக்குவரத்துக் காவலர் அதற்கென்று ஓரமாக ஒரு கோடு போட்டுக் கொடுத்தார். அவள் தினமும் வேலை முடிந்து சாப்பாட்டோடு வந்து, நேற்றைய இடத்திலிருந்து நான்கு மீட்டர் கூடுதலாக நடந்தாள்.

"இந்த ரோட்ல இவ்வளவு மெதுவா நான் போனதே இல்ல" என்று அவர் சிரித்தார். பிறகு கேட்டார்: "கடலுக்கு எப்போ போய்ச் சேருவேன்? குறைச்சுச் சொல்லாத."

"மார்ச் மாசம்" என்றாள். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

மார்ச்சில் பனியாற்றின் முனை உடைந்து கடலில் விழுந்தது. அதே காலையில் கட்டில் படகுத்துறையின் விளிம்பைக் கடந்தது. அவள் போர்வையின் நுனியைப் பிடித்திருந்தாள். அவர்தான் அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டார். கட்டில் மூழ்கவில்லை, மிதந்தது. துறைமுக அலுவலகம் காலை வானொலி அறிவிப்பில், காற்றின் திசைக்குப் பிறகு, கட்டில் இருக்கும் இடத்தையும் சொன்னது. படகுக்காரர்கள் ஒதுங்கிப் போனார்கள். தினமும் அது கொஞ்சம் சிறுத்து வருவதாகவும் சொன்னார்கள். உடைந்து விழுந்த பனியைப் போல அதுவும் கரைகிற பொருள் என்பதால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஜூன் மாதத்தில் ஒருநாள் அறிவிப்பு காற்றின் திசையோடு நின்றுபோனது. அவள் வானொலியை அணைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனாள்.