அடித்தல் இல்லாத கார்டு

கலியபெருமாள் எழுதிய கார்டில் அடித்தல் திருத்தல் இருக்காது. முத்தியால்பேட்டை பஸ் ஷெட்டில் அவர் ஸ்டோர் கிளார்க். எட்டு பஸ்களின் முக்கியமான சாமான் ஒவ்வொன்றுக்கும் ஒரு கார்டு. சாமானில் வெட்டியிருக்கும் நம்பர், எந்த பஸ்ஸில் மாட்டியது என்று முத்து முத்தாக எழுதியிருப்பார். முதலாளி கம்ப்யூட்டர் வாங்கி, கார்டுகளை அப்படியே அதில் ஏற்றப்போகிறார் என்று தெரிந்ததிலிருந்து மனிதருக்குத் தலைகால் புரியவில்லை.

எண்பத்தாறாம் வருஷம், ஒரு வெள்ளிக்கிழமை காலையில் பஸ் தயாரித்த கம்பெனியிலிருந்து தந்தி வந்தது. 4478 நம்பர் ட்ராப் ஆர்மில் இரும்பு சரியில்லை, ஓட்டத்தில் ஒடியலாம், உடனே கழற்றவும். ஸ்டீயரிங்கைத் திருப்பினால் சக்கரத்தைத் திருப்புகிற கை அது. ஒடிந்தால் பஸ் போனதுதான் வழி.

கார்டில் ஏழாம் பஸ் என்றிருந்தது. நல்லவேளை, அது ஷெட்டில்தான் நின்றது. பாவாடை என்கிற மெக்கானிக் பஸ்ஸுக்கு அடியில் படுத்து மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துப் பார்த்தான்.

“சார், இது 3102.”

கலியபெருமாளுக்கு விஷயம் புரிந்தது. எப்.சி. என்கிற சர்க்கார் சோதனைக்கு ஒரு பஸ் போனால், இன்னொரு பஸ்ஸின் நல்ல சாமானை அதில் மாட்டி அனுப்புவது ஷெட் வழக்கம். போன மாதம் ஏழாம் பஸ் எப்.சி.க்குப் போனபோது ஸ்டீயரிங்கில் ஆட்டம் என்று, மூன்றாம் பஸ்ஸின் ஸ்டீயரிங் பெட்டியை ஆர்மோடு அதில் மாட்டி, அதனுடையதை மூன்றாம் பஸ்ஸில் மாட்டினார்கள். பாவாடை வந்து சொல்லத்தான் சொன்னான். ‘ரெண்டு நாள்ல திருப்பி மாட்டப்போற, கார்டை எதுக்கு அசிங்கப்படுத்தணும்’ என்று பேனாவை மூடியவர் இவரேதான்.

“திருப்பி மாட்டலியா?”

“எங்க சார் நேரம்? மூணாம் பஸ்லதான் கெடக்கும்.”

மூன்றாம் பஸ் கடலூருக்குக் கிளம்பிப் பத்து நிமிடம் ஆகியிருந்தது. பாவாடையின் மொபெட்டில் தொற்றிக்கொண்டார். அரியாங்குப்பம் பாலத்தில் ஆற்றைப் பார்க்கப் பயந்து, கைப்பிடிச் சுவர் முழுசாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டே போனார். பாலம் தாண்டி, நிறுத்தத்தில் ஆள் ஏற்றிக்கொண்டிருந்த பஸ்ஸை மறித்தார்கள்.

அடியிலிருந்து வெளியே வந்த பாவாடையின் முகம் வெளுத்திருந்தது.

“இது 2960 சார். இந்த வண்டி எப்.சி.க்குப் போனப்ப நான் லீவு. யாரு எதுல மாத்துனாங்களோ.”

கலியபெருமாள் எதிரிலிருந்த கடைக்கு ஓடி முதலாளிக்குப் போன் போட்டார்.

“ஓடுற பஸ்ஸ எல்லாம் நிறுத்தச் சொல்லுங்க மொதலாளி.”

“எந்த பஸ்ஸுன்னு உன் கார்டு சொல்லுமேய்யா.”

பதினெட்டு வருஷம் சேர்த்த நல்ல பெயர் அத்தோடு போயிற்று என்று தெரிந்தே சொன்னார்.

“கார்டு பொய் மொதலாளி. எழுதாம உட்டது நான்தான்.”

“நிறுத்தச் சொல்றேன்” என்றார் முதலாளி. பிறகு போன் வைக்கிற சத்தம் கேட்டது.

ஒவ்வொரு பஸ்ஸாக ஓரங்கட்டி, மாலைக்குள் நம்பர் பார்த்தார்கள். 4478 ஐந்தாம் பஸ்ஸில் இருந்தது. பாவாடை கழற்றிக் கொடுத்ததைத் தடவியபோது கலியபெருமாளின் நகம் விரிசலுக்குள் இறங்கியது. காலையில் அந்த பஸ் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிப் போயிருந்தது.

ஸ்டோருக்குப் போய் 4478-இன் கார்டில் ஏழாம் பஸ் என்றிருந்ததை அடித்தார். கோடு கோணலாக விழுந்தது. பிறகு மற்ற கார்டுகளையும் அள்ளிக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டி, நம்பர்களை ஒத்துப் பார்க்க முதல் பஸ்ஸுக்கு அடியில் தானே படுத்தார்.