சேர் அடுக்கிய இடம்

சிந்துஜா விழுந்ததை லியாக்கத் அலி பார்க்கவில்லை. பிரேக் பிடித்த சத்தம்தான் கேட்டது. கல்லாவை விட்டு எழுந்து ஓடிவந்தபோது கடைக்கு முன்னால் ரோட்டில் அவள் ஒருக்களித்துக் கிடந்தாள். நாலு கடை தள்ளி செல்போன் கடையில் வேலை பார்க்கிற பெண், ஏழு மாதக் கர்ப்பம். திருப்பாப்புலியூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி தினமும் இந்த வழியாகத்தான் போவாள். மோதிய பையன் பைக்கை நிமிர்த்தவும் தோன்றாமல் நின்றான். அவளை ஆட்டோவில் தூக்கி வைத்தது லியாக்கத் அலிதான். ஆஸ்பத்திரியில் அவளைக் காப்பாற்றிவிட்டார்கள். குழந்தை தங்கவில்லை.

கடைத்தெரு முழுக்க அந்தப் பையனைத்தான் திட்டியது. போனைக் காதில் வைத்துக்கொண்டு ஓட்டினான் என்றார்கள். கடை வாசலில் அடுக்கியிருந்த சேர்களைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. சாக்கடை மேல் சிமெண்டுப் பலகை போட்ட நடைபாதை அது. பூஜை சாமான் கடை சின்னையனின் கோலமாவு மூட்டைகள், அதைத் தாண்டி கரும்பு ஜூஸ் வண்டி, உள்வாங்கிப்போன ஒரு பலகை, யாருக்கோ வைத்த கண்ணீர் அஞ்சலி பேனரின் சவுக்குக் கம்பு. அதற்கப்புறம் லியாக்கத் அலியின் பிளாஸ்டிக் சேர்கள், ஆள் உயரத்துக்கு. ஆரம்பத்தில் ஒரே ஒரு அடுக்குதான் வெளியே வைத்தார். பிறகு வாளிகள் வந்தன, பாய்கள் வந்தன, மேலே தகரக் கூரை வந்தது. அந்த இடம் வந்ததும் ஜனங்கள் ரோட்டில் இறங்குவதும், தாண்டியதும் ஏறிக்கொள்வதும் அவர் கண்ணெதிரே நடந்ததுதான். மழை பெய்வதைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரிக்குப் போனபோது அவள் புருஷன் சித்தார்த் அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான்.

"நீங்க மட்டும் இல்லன்னா இவளயும் பறிகுடுத்திருப்பேன் பாய்."

அந்தக் கைகளை எப்படி விடுவித்துக்கொள்வது என்று அவருக்குத் தெரியவில்லை. சிந்துஜா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். திரும்பவே இல்லை.

வீட்டில் மனைவி சர்புன்னிசா சோறு போட்டாள். அவர் பிசைந்துகொண்டே இருந்தார்.

"நீங்க என்னங்க பண்ணுவீங்க? நீங்களா போயி இடிச்சீங்க?" என்றாள். கொஞ்சநேரம் கழித்து, குழம்புச் சட்டியை மூடிக்கொண்டே, "சேரு எவ்ளோ தூரம் வெளிய இருந்துச்சி?" என்று கேட்டாள்.

அவர் தட்டிலேயே கையைக் கழுவிக்கொண்டு எழுந்தார்.

மறுநாள் காலையில் எல்லாவற்றையும் உள்ளே எடுத்துப்போட்டார். கடைக்குள் ஆள் திரும்ப இடமில்லை. சின்னையன் வந்து எட்டிப் பார்த்தான்.

"என்ன மச்சான், ஆபீசருங்க யாராச்சும் வராங்களா?"

"இல்ல."

"பின்ன என்னாத்துக்கு? நீ மட்டும் உள்ள எடுத்தீன்னா நாளைக்கி எங்கள வந்து கேப்பானுங்க. எவனோ கண்ணு தெரியாம வந்து இடிச்சான், அதுக்கு நாம பொழப்ப கெடுத்துக்கணுமா?"

"அவ ஏன் சின்னையா ரோட்டுல எறங்குனா?"

சின்னையன் தன் மூட்டைகளைத் திரும்பிப் பார்த்தான். கடைக்குள் போய்விட்டான்.

மத்தியானத்துக்குள் காலியான இடத்தில் வரிசையாக பைக்குகள் நின்றன. எடுக்கச் சொல்லி ஒருவனிடம் சத்தம் போட்டார்.

"இன்னா பாய், பட்டா வாங்கி வச்சிருக்கியா? இத்தன நாளு ஒன் சேரு நின்னுச்சே, யாராச்சும் கேட்டாங்களா?" என்றான் அவன்.

கயிறு கட்டினார், யாரோ அவிழ்த்துவிட்டார்கள். பெரிய கல்லாகப் பார்த்துப் போட்டார். ஒரு கிழவர் அதில் இடறி விழப்போனார். அன்றைக்கே கல்லைத் தூக்கிவிட்டார். வெளியே சரக்கு தெரியாததால் வியாபாரம் படுத்துவிட்டது. பழைய வாடிக்கையாளர்கள்கூட கடையை மூடிவிட்டதாக நினைத்துப் போய்விட்டார்கள். ஒருநாள் பைக்குகளைப் பார்த்தபடி, 'இதுக்கு நம்ம சேரே இருந்திருக்கலாம்' என்று நினைத்தார். நினைத்ததுமே உடம்பு கூசியது.

தீபாவளி கழிந்து சிந்துஜா வேலைக்குத் திரும்பினாள். தூரத்தில் வரும்போதே அவளை அடையாளம் தெரிந்தது, பாதியாக இளைத்திருந்தாள். லியாக்கத் அலி செருப்புக்கூடப் போடாமல் இறங்கி, வழியை அடைத்து நின்ற பைக்கைத் தள்ளினார். ஹேண்டில் லாக் போட்டிருந்தது. பின்சக்கரத்தைத் தூக்கி இழுத்தார். வண்டி கோணிக்கொண்டு இன்னும் குறுக்காக வந்தது. அதற்குள் அவள் பக்கத்தில் வந்துவிட்டாள்.

"இரும்மா, ஒரு நிமிசம்."

அவள் நின்றாள். அவரைத் தாண்டிக் கடைக்குள் பார்த்தாள். கூரை வரைக்கும் சேர்கள்.

"எல்லாம் உள்ள வச்சிட்டீங்களா பாய்?"

"ஆமாம்மா."

"எப்ப எடுத்தீங்க?"

"நீ ஆஸ்பத்திரில இருந்தப்ப" என்றார்.

அவள் தலையாட்டினாள். பின்னால் திரும்பி வண்டி வருகிறதா என்று பார்த்தாள். ஒரு டவுன் பஸ்ஸைப் போகவிட்டு ரோட்டில் இறங்கினாள். இறங்கும்போது அவளுடைய இடதுகை தானாக வயிற்றுக்குப் போய் அணைத்துக்கொண்டது. இரண்டடி நடந்த பிறகுதான் அதை உணர்ந்தவள்போலக் கையை எடுத்து, தோள்பையின் வாரைப் பிடித்துக்கொண்டாள்.

தூக்கிய பின்சக்கரத்தைக் கீழே வைக்காமல் லியாக்கத் அலி நின்றிருந்தார்.